தெருவை எழுப்பும் 'டப டப' குழாய்!

இரவு மணி 11.

வீடுகளில் விளக்கு அணைந்துவிட்டது. மாடி வீட்டில் ஒரு தாய், ஒரு மணி நேரம் தொட்டிலை ஆட்டி அப்போதுதான் குழந்தையைத் தூங்க வைத்திருக்கிறாள். எதிர் வீட்டில், நெஞ்சு வலிக்குச் சிகிச்சை பெற்று ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய பெரியவர் கண் அயர்ந்திருக்கிறார். பரீட்சைக்குப் படிக்கும் பெண் ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள்.

"டப... டப... டப... டப... படார்!"

தெரு முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் திரும்புகிறது. குழந்தை வீறிட்டு அழுகிறது. பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறார். தெரு நாய்கள் ஒன்று சேர்ந்து குரைக்கின்றன. மோட்டார் சைக்கிள் போய்விட்டது. அதில் போன வாலிபனுக்கு இது எதுவும் தெரியாது. அவன் அடுத்த தெருவில் இருக்கிறான்.

இது ஓர் ஊரின் கதை அல்ல. இந்தியாவின் பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும், சிறிய ஊர்கள் பலவற்றிலும் இரவுதோறும் நடப்பது. சண்டை, தகராறு, புகார், போலீஸ், அபராதம், கோர்ட்டு என்று இந்தச் சத்தம் வெகு தூரம் போய்விட்டது.

இதற்கெல்லாம் காரணம், ஒரு முழ நீளம் உள்ள ஒரு குழாய்!

சத்தம் விலைக்குக் கிடைக்கிறது

கம்பெனியில் இருந்து வரும்போது எந்த மோட்டார் சைக்கிளும் இப்படிக் கத்துவது இல்லை. வண்டியை வாங்கிய பிறகு, கம்பெனி வைத்த சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடையில் விற்கும் வேறு குழாயை மாட்டுகிறார்கள்.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பெங்களூரில் ஜே.சி. ரோடு, டெல்லியில் கரோல் பாக். இவை வாகன உதிரிப் பாகங்களுக்குப் பெயர் போன இடங்கள். இப்படிப்பட்ட கடைத் தெரு இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறது. தொங்கவிட்டிருக்கும் குழாய்களுக்கு விதவிதமான பெயர்கள். நீளமானது ஒன்று, குட்டையானது ஒன்று, புட்டி போன்றது ஒன்று. 'இந்தோரி' என்றும், 'பஞ்சாபி' என்றும் ஊர்ப் பெயர் கொண்டவையும் உண்டு. எந்தக் குழாய் எப்படிக் கத்தும் என்பது வாங்க வரும் வாலிபர்களுக்கு அத்துபடி.

வெளிநாட்டில் இருந்து வரும் உயர்ந்த ரகமும் இருக்கிறது. ஸ்லோவேனியா நாட்டின் 'அக்ரபோவிச்' கம்பெனி பந்தய வண்டிகளுக்குக் குழாய் செய்து பெயர் வாங்கியது. டைட்டானியம் என்ற எடை குறைந்த உலோகத்தில் செய்வார்கள். பெரிய வண்டிக்கான முழுக் குழாய் லட்ச ரூபாயைத் தாண்டும். அதே பெயரை ஒட்டி, சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் போலிக் குழாய்களும் கடைத் தெருவில் உண்டு. பெயர்ச் சீட்டு பளபளக்கிறது. உள்ளே இருப்பது வெறும் தகரம்.

சைலன்சர் செய்யும் வேலை

'சைலன்சர்' என்றால் சத்தத்தை அடக்குவது என்று பொருள். அதன் வேலையைத் தெரிந்துகொண்டால்தான், அதைக் கழற்றினால் என்ன ஆகும் என்பது புரியும்.

மோட்டார் சைக்கிள் என்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் சேர்ந்து எரிகின்றன. 'எரிகின்றன' என்பது மென்மையான சொல். உண்மையில் அது ஒரு சிறு வெடி. ஒற்றைச் சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 4 ஆயிரம் சுற்றுச் சுற்றினால், 2 ஆயிரம் தடவை வெடிக்கிறது. அதாவது நொடிக்கு 33 வெடிகள். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு, பல நூறு டிகிரி வெப்பத்தோடு புகை வெளியே பாய்கிறது. அப்படியே விட்டால் காது தாங்காது.

ஆகவே அந்தப் புகையை ஒரு பெட்டிக்குள் விடுகிறார்கள். பெட்டிக்குள் சிறு சிறு அறைகள். ஓட்டை போட்ட குழாய்கள். புகை ஓர் அறையில் விரிந்து, அடுத்த அறைக்குத் திரும்பி, அதற்கு அடுத்த அறையில் மோதி, வேகம் அடங்கி வெளியே வருகிறது. கூட்டமாக ஓடி வருகிறவர்களை வளைந்து வளைந்து போகும் வரிசையில் விட்டால், வாசலுக்கு வரும்போது நடந்து வருவார்கள் அல்லவா? ஏறக்குறைய அதைப் போல.

இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்தில் கொலம்பஸ் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊரைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-லேயே என்ஜின் சத்தத்தை அடக்கும் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ரோட்டில் மோட்டார் கார்களே அபூர்வமாக இருந்த காலம் அது. அப்போதே சத்தம் ஒரு தொல்லை என்று தெரிந்திருக்கிறது!

கடையில் விற்கும் 'பட்டாசு'க் குழாயில் அந்த அறைகள் இல்லை. நேராக ஒரு குழாய். அதைச் சுற்றிக் கொஞ்சம் கண்ணாடி நார். வாயில் ஓர் அடைப்பு. 'டி.பி. கில்லர்' என்று அதற்குப் பெயர். சத்தத்தைக் குறைப்பதற்காக அதை வைக்கிறார்கள். வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாக அதைக் கழற்றிவிடுகிறார்கள். மலிவுக் குழாயில் கண்ணாடி நாரும் சில மாதங்களில் எரிந்து பறந்துவிடும். அப்புறம் மிஞ்சுவது, இரண்டு பக்கமும் திறந்த ஓர் இரும்புக் குழாய்தான்.

அரை மணி நேர வேலை

மாட்டுவது கடினமான வேலை அல்ல. அதுவும் ஒரு கஷ்டம்தான்!

இரண்டு வகை இருக்கிறது. பின்பக்கம் உள்ள சைலன்சரை மட்டும் மாற்றுவது ஒன்று. என்ஜினில் இருந்து வரும் 'பெண்ட் பைப்'பையும் சேர்த்து முழுக் குழாயையும் மாற்றுவது இன்னொன்று.

சூட்டைத் தடுக்கும் தகட்டைக் கழற்றுகிறார்கள். கிளாம்பைத் தளர்த்துகிறார்கள். தாங்கி நிற்கும் போல்ட்டை எடுக்கிறார்கள். பழைய சைலன்சர் கையோடு வந்துவிடுகிறது. புதியதைச் செருகி முடுக்கினால் தீர்ந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. முழுக் குழாய் என்றால், என்ஜினோடு சேரும் இடத்தில் புதிய பேக்கிங் வைக்க வேண்டும். பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டால் அங்கே புகை கசியும்.

கசிந்தால் என்ன? வெளிக் காற்று உள்ளே புகும். புதிய வண்டிகளில் புகைக் குழாயில் 'ஆக்சிஜன் சென்சார்' என்ற சிறு கருவி இருக்கிறது. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சி இருக்கிறது என்று பார்த்து, எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று என்ஜினுக்குச் சொல்வது அதுதான். கசியும் காற்று அதை ஏமாற்றிவிடுகிறது. அது தவறாகச் சொல்ல, என்ஜினும் தவறாகக் குடிக்கிறது. மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. சில மலிவுக் குழாய்களில் அந்தச் சென்சாரை மாட்ட இடமே இல்லை. ஒயரைச் சுருட்டிக் கட்டிவிடுகிறார்கள்!

'படார்' என்று வெடிக்கும் சத்தம் இருக்கிறதே, அதுவும் பெருமைக்கு உரியது அல்ல. எரியாமல் தப்பிய பெட்ரோல், சூடான குழாய்க்குள் போய் எரியும் சத்தம் அது. காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல், சக்கரத்தைச் சுழற்றாமல் தெருவில் வெடிக்கிறது. ஓடும்போதே என்ஜின் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டு, வேண்டுமென்றே இந்த வெடியை உண்டாக்கும் வாலிபர்களும் உண்டு.

பின்னால் உட்காரும் குழந்தைகளைப் பற்றி யாரும் நினைப்பது இல்லை. கம்பெனி வைத்த சூட்டுத் தகடு புதிய குழாயில் பெரும்பாலும் இருக்காது. இறங்கும்போது கெண்டைக்கால் பட்டால் தோல் வழன்றுவிடும்.

குழாய் மாட்டும் கடைப் பையனுக்கும் ஆபத்து உண்டு. மாட்டியதும் என்ஜினை முறுக்கிச் சத்தத்தைக் காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி! தொழிலாளர்கள் 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். காதில் பஞ்சுகூட வைக்காமல் அந்தப் பையன் நாள் முழுவதும் நிற்கிறான்.

கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்

சத்தம் காதில் விழுகிறது. இன்னொரு நஷ்டம் காதிலும் விழாது, கண்ணுக்கும் தெரியாது.

2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல், இந்தியாவில் விற்கும் புதிய வண்டிகள் 'பி.எஸ். 6' என்ற புகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. இதற்காகப் புகைக் குழாயில் 'கேட்டலிஸ்ட்' என்ற பாகத்தை வைத்திருக்கிறார்கள். தேன்கூடு போல நுண்ணிய கண்கள். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்களின் பூச்சு. உயிருக்கே ஆபத்தான கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய நச்சுகளை இது பெருமளவுக்கு மாற்றிவிடுகிறது.

சில வண்டிகளில் கேட்டலிஸ்ட், பெண்ட் பைப்பில் இருக்கும். சில வண்டிகளில் சைலன்சருக்குள் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கழற்றினால், அதுவும் சேர்ந்து போய்விடும். முழுக் குழாயை மாற்றினால் சந்தேகமே இல்லை, போயே போய்விடும். அதன் பிறகு, வாங்கிய அன்று சுத்தமாக இருந்த வண்டி, முன்னால் நிற்கும் பஸ்ஸைத் திட்டும் யோக்கியதையை இழந்துவிடுகிறது.

வேகம் கூடுமா?

"சத்தத்துக்காக இல்லை, அண்ணா! வண்டி நல்லா இழுக்கும்!"

வீட்டில் கேட்டால் வாலிபர்கள் சொல்லும் பதில் இது. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கொஞ்சம்தான்.

பந்தய வண்டியில் குழாயை மாற்றினால் சக்தி கூடும். ஆனால் அங்கே குழாயை மட்டும் மாற்றுவது இல்லை. பெட்ரோல் விடும் கணக்கு, காற்று போகும் வழி எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவார்கள். குழாயின் நீளத்தையும் அகலத்தையும் அந்த என்ஜினுக்கு என்றே கணக்குப் போட்டுச் செய்வார்கள். தெருவில் ஓடும் 150 சி.சி. வண்டியில் ஒரு தகரக் குழாயை மாட்டினால், ஓட்டுகிறவர் உணரும்படியான வேகம் கூடுவது இல்லை. தப்பான அளவுக் குழாயாக இருந்தால், மெதுவாகப் போகும்போது இழுவை குறைந்தே போகும். சத்தம் கூடுவதால் வேகம் கூடியதைப் போலத் தோன்றுகிறது. அவ்வளவுதான்!

"சத்தம் கேட்டால் லாரிக்காரன் ஒதுங்குவான், உயிர் பிழைக்கும்" என்று வாதிடுவோரும் உண்டு. குழாயின் வாய் பின்பக்கம் பார்த்து இருக்கிறது. சத்தம் அதிகமாகப் போவதும் பின்பக்கம்தான். முன்னால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகும் காருக்கு அது கேட்கும்போது, வண்டி பெரும்பாலும் பக்கத்துக்கே வந்துவிடும்.

புல்லட்டின் 'டக் டக்'

ஆனால் ஒரு சாராரின் ஏக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அதில் சென்னைக்குப் பங்கு இருக்கிறது.

ராயல் என்பீல்டு, இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த கம்பெனி. இந்திய ராணுவம் புல்லட் மோட்டார் சைக்கிளை விரும்பி வாங்கியது. அதைத் தொடர்ந்து 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 'என்பீல்டு இந்தியா' தோன்றியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும், மெட்ராசில் புல்லட் நிற்கவில்லை.

போலீஸ் இன்ஸ்பெக்டர், மிராசுதார், மலைத் தோட்டத்து மானேஜர் என்று புல்லட் வைத்திருந்தவர்களை, ஆள் வருவதற்கு முன்பே அந்த 'டக்... டக்... டக்' ஓசையால் ஊர் அறிந்துகொண்டது. வார்ப்பு இரும்பு என்ஜினின் ஓசை அது. சைலன்சரோடு வந்த ஓசை. அடித்தொண்டையில் இருந்து வருவது போல இருக்குமே தவிர, காதைக் கிழிக்காது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகைக் கட்டுப்பாட்டுக்காகப் பழைய என்ஜின் போய்ப் புதிய என்ஜின் வந்தது. எண்ணெய் ஒழுகுவது நின்றது. வண்டி சுகமாக ஓடியது. ஆனால் அந்த ஓசை மாறிவிட்டது.

அப்பாவின் வண்டியில் கேட்ட ஓசையைத் தேடித்தான் பலர் முதலில் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கொடுத்தது அந்த ஓசையை அல்ல. வெடிச் சத்தத்தை!

எவ்வளவு சத்தம் அதிகம்?

அரிசியைக் கிலோவில் அளக்கிறார்கள். சத்தத்தை டெசிபலில் அளக்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு அரிசிக் கணக்கு போன்றது அல்ல. 10 டெசிபல் கூடினால், காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். ஒலியின் சக்தியோ 10 மடங்கு.

புதிய மோட்டார் சைக்கிள் எவ்வளவு சத்தம் போடலாம் என்று மத்திய அரசு வரையறுத்திருக்கிறது. 80 சி.சி. வரை உள்ள வண்டிக்கு 75 டெசிபல். 80-க்கு மேல் 175 சி.சி. வரை 77 டெசிபல். அதற்கு மேற்பட்ட வண்டிக்கு 80 டெசிபல். சோதனைச் சாலையில் வண்டியை ஓடவிட்டு, ஏழரை மீட்டர் தூரத்தில் மைக் வைத்து அளக்கும் அளவு இது.

குடியிருப்புப் பகுதியில் மொத்தச் சத்தமே எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் 2000-ம் ஆண்டின் விதி இருக்கிறது. பகலில் 55 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்கு இதைவிடக் குறைவு.

திறந்த குழாய்களில், அருகில் நின்று அளந்தால் 100 டெசிபலைத் தாண்டுபவையும் உண்டு. 45-ல் தூங்கும் தெருவில் அது வந்தால் யார் தூங்க முடியும்?

தகப்பனாரும் குற்றவாளி!

சட்டம் இதில் கண்டிப்பாகவே இருக்கிறது. பல வீடுகளில் அது தெரியாது.

சத்தம், புகை பற்றிய விதியை மீறிய வண்டியை ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவின்படி குற்றம். முன்பு முதல் தடவைக்கு அபராதம் ஆயிரம் ரூபாய் வரைதான். 2019 செப்டம்பரில் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, 3 மாதம் வரை ஜெயில் அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். லைசென்சும் 3 மாதம் போய்விடும். (ரோட்டிலேயே கட்டி முடிக்கும் அபராதத் தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.)

இந்தப் பிரிவில் ஒரு வார்த்தை முக்கியமானது. 'ஓட்டுகிறவர்' மட்டும் அல்ல, 'ஓட்ட அனுமதிக்கிறவரும்' குற்றவாளி. வண்டி தகப்பனார் பெயரில் இருந்து, மகன் குழாய் மாற்றியது தெரிந்தும் சாவியைக் கொடுத்தால், தகப்பனாரும் பதில் சொல்ல வேண்டும். மகனுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் கேட்கவே வேண்டாம். சிறுவர் ஓட்டிய குற்றத்துக்குப் பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ 3 ஆண்டு வரை ஜெயிலுக்கும் 25 ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கும் ஆளாக நேரும். பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது.

இதைத் தவிர, அனுமதி இல்லாமல் வண்டியின் பாகத்தை மாற்றியதற்குத் தனித் தண்டனை இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில் அல்லது இரண்டும். கம்பெனி எப்படிச் செய்து கொடுத்ததோ, அதற்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பு அளித்தது. கேரளத்தில் இருந்து வந்த வழக்கு அது.

2021 ஜூலையில், அலகாபாத் ஐகோர்ட்டின் லக்னோ கிளை ஒரு படி மேலே போயிற்று. யாரும் வழக்குப் போடவில்லை. சைலன்சர் மாற்றிய மோட்டார் சைக்கிள்களின் சத்தத்தைக் கோர்ட்டே தானாக விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. முதியவர்கள், நோயாளிகள், குழந்தைகள் படும் அவதியைச் சுட்டிக்காட்டி, கடும் நடவடிக்கை எடுக்கும்படி அதிகாரிகளுக்கு உத்தரவிட்டது.

ரோடு ரோலர் காட்சி

உடுப்பி, பெங்களூரு, ஐதராபாத், விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் போலீசார் நடத்திய காட்சியைப் பத்திரிகைகளில் பலர் பார்த்திருப்பார்கள். பிடித்த சைலன்சர்களை ரோட்டில் வரிசையாக அடுக்குகிறார்கள். ரோடு ரோலர் வருகிறது. நசுக்கிவிட்டுப் போகிறது. பார்ப்பதற்குத் திருப்தியாகத்தான் இருக்கிறது.

ஆனால் நசுங்குவது வாலிபனின் காசு. அதை விற்றவரின் காசு கல்லாவில் பத்திரமாக இருக்கிறது. இன்று நூறு குழாய் நசுங்கினால், நாளை நூறு குழாய் விற்கும்!

விற்றவரைச் சட்டம் விட்டுவிட்டதா? இல்லை. விதிக்கு மாறாக வண்டியைத் திருத்திக் கொடுக்கும் 'டீலருக்கு', ஒரு வண்டிக்கு ஒரு லட்ச ரூபாய் அபராதம் அல்லது ஓர் ஆண்டு வரை ஜெயில் அல்லது இரண்டும் என்று அதே 2019 திருத்தம் சொல்கிறது. சட்டத்தின் பொருள் விளக்கத்தில், வண்டி பழுது பார்க்கும் தொழில் செய்கிறவரும் 'டீலர்' என்ற சொல்லில் அடக்கம். வாலிபனுக்கு 10 ஆயிரம், ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு லட்சம்! எழுத்தில் இருப்பது இது. வேட்டை நடப்பதோ பெரும்பாலும் ரோட்டில்தான். வாலிபன் சத்தம் போட்டுக்கொண்டு வருகிறான், அகப்படுகிறான். கடை சத்தம் போடாமல் இருக்கிறது.

வேலை தலைகீழாக நடக்கிறது என்றே சொல்ல வேண்டும். ஒரு கடையை நிறுத்தினால் நூறு தெரு தூங்கும்.

போலீசாருக்கும் ஒரு கஷ்டம் உண்டு. டெசிபல் மீட்டர் எல்லா ஸ்டேஷனிலும் இல்லை. 80 டெசிபல் என்பது சோதனைச் சாலையின் அளவு. பஸ்ஸும் லாரியும் கத்தும் ரோட்டில், ஒரு வண்டியின் சத்தத்தை மட்டும் பிரித்து அளப்பது எப்படி? "என் வண்டி 79-தான் சார்" என்று வாலிபன் வாதிட்டால் என்ன செய்வது? ஆகவே காதால் கேட்டு, கண்ணால் குழாயைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள்.

பாரிசில் கண்ட வழி

இதே தலைவலி பிரான்சு நாட்டிலும் இருக்கிறது. பாரிஸ் பகுதியில் சத்தத்தை அளக்கும் 'புரூயிபாரிப்' என்ற அமைப்பு ஒரு கணக்குப் போட்டது. குழாய் மாற்றிய ஒரே ஒரு ஸ்கூட்டர், இரவில் பாரிஸ் நகரத்தைக் குறுக்கே கடந்தால் எத்தனை பேர் விழித்துக்கொள்வார்கள்?

10 ஆயிரம் பேர் வரை!

ஒருவன் வீட்டுக்குப் போக 10 ஆயிரம் பேர் எழுந்திருக்க வேண்டும்.

பிரான்சு 2019-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 'சத்த ராடார்' என்ற கருவியைச் சோதித்துப் பார்க்க வழி செய்தது. 2022 பிப்ரவரியில் பாரிஸ் தெருவில் அது ஏறியது. விளக்குக் கம்பத்தின் உச்சியில் பல மைக்குகள். எந்தத் திசையில் இருந்து சத்தம் வருகிறது என்று அவை கண்டுபிடிக்கும். காமிரா அந்த வண்டியின் நம்பரைப் படம் எடுக்கும். முதலில் வெறும் சோதனைதான். பிறகு 135 யூரோ அபராதம் வாங்குவது திட்டம். ஐரோப்பாவில் கடையில் விற்கும் சைலன்சருக்கும் சோதனை உண்டு. தேறிய குழாயில் 'இ' என்ற எழுத்தையும் எண்ணையும் பொறிக்கிறார்கள். அந்த முத்திரை இருந்தால் மாட்டலாம். ஆகவே அங்கே குழாய் மாற்றுவதே குற்றம் என்பது இல்லை. கத்துவதுதான் குற்றம். (இந்தியக் கடைத் தெருவில் அந்த 'இ' முத்திரையையும் போலியாக அடித்து விற்கிறார்கள் என்பது வேறு கதை!)

பழைய சைலன்சர் எங்கே?

போலீசார் வண்டியைப் பிடித்தால், அபராதத்தோடு விடுவது இல்லை. குழாயைக் கழற்றி, கம்பெனி சைலன்சரை மாட்டிக்கொண்டு வந்தால்தான் வண்டி கிடைக்கும் என்கிறார்கள். அப்போதுதான் வீட்டில் தேடல் தொடங்குகிறது. பரண், மாடிப்படி, கோழிக் கூண்டின் பின்புறம்!

பல வீடுகளில் அது கிடைப்பது இல்லை. குழாய் மாட்டிய அன்றே, "பழசு எதுக்குத் தம்பி, இடத்தை அடைக்கும்" என்று யாரோ வாங்கிக்கொண்டிருப்பார்கள். வாலிபனும் நூறு இருநூறு கிடைத்ததே என்று கொடுத்திருப்பான். அதற்குள் கேட்டலிஸ்ட் இருப்பதும், அதில் பிளாட்டினமும் பல்லேடியமும் இருப்பதும், பழைய கேட்டலிஸ்டுக்கு என்றே தனி வியாபாரம் நடப்பதும் அவனுக்குத் தெரியாது. வாங்கியவருக்குத் தெரியும்.

திரும்பவும் கம்பெனிக்குப் போய்ப் புதிய சைலன்சர் கேட்டால், கேட்டலிஸ்டோடு சேர்த்து விலை சொல்வார்கள். ஆசையாக வாங்கி மாட்டிய தகரக் குழாயின் விலையைப் போல அது சில மடங்கு இருக்கும். வண்டி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நிற்கிறது. தகப்பனார் பாஸ் புத்தகத்தை எடுக்கிறார்.